வகுப்புத் தேர்வுக்கு மதிப்பெண் எதற்கு?

நம் பள்ளிகளில் தேர்வுகளுக்குப் பஞ்சமில்லை. சிறுதேர்வு, அலகுத் தேர்வு, இடைப்பருவத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, அதற்கு மேல் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்புதல் தேர்வுகள். ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு வினாத்தாள் அச்சாகிக்கொண்டிருக்கிறது. ஏதோ ஒரு விடைத்தாள் கட்டு ஆசிரியரின் பையில் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு உழைப்புக்குப் பிறகு, திருத்திய தாள் மாணவர் கைக்கு வரும் நாளில் என்ன நடக்கிறது? கூட்டல் சரிபார்க்கப்படுகிறது. விட்டுப்போன அரை மதிப்பெண்ணுக்காகச் சிலர் எழுந்து வருகிறார்கள். பக்கத்து இருக்கைக்காரருக்கு எவ்வளவு என்று எட்டிப் பார்க்கிறார்கள். தாள் பெற்றோரின் கையெழுத்துக்குப் போகிறது, வகுப்பில் அடுத்த பாடம் தொடங்கிவிடுகிறது. பாதி வகுப்புக்குப் புரியாமல் போன கருத்து, புரியாமல் போன இடத்திலேயே கிடக்கிறது. ஆசிரியர் தம் வகுப்புக்குத் தாமே வைக்கும் தேர்வுகளிலிருந்து மதிப்பெண்ணை எடுத்துவிட வேண்டும், அந்த இடத்தில் மாணவர் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலையை வைக்க வேண்டும் என்பதே இங்கே சொல்ல வருவது. காலாண்டும் அரையாண்டும் பொதுத் தேர்வும் மதிப்பெண்ணோடு இருக்கட்டும். சண்டை அவற்றோடு இல்லை.

தேர்வே வேண்டாம் என்பதும் வாதமில்லை. படித்ததை மறுபடி படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நீடித்து நிற்கிறது என்பதை அமெரிக்காவின் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் தெளிவாகக் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். அடிக்கடி சிறு தேர்வு வைக்கும் ஆசிரியர் நல்லதைத்தான் செய்கிறார். கேள்வி, அந்தத் தேர்வு எந்த அச்சில் வார்க்கப்படுகிறது என்பது. பொதுத் தேர்வுக்கு எண் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. முகம் தெரியாத ஒருவர், எங்கோ ஒரு மையத்தில் அமர்ந்து, யாருடையது என்று தெரியாத தாளைத் திருத்துகிறார். லட்சக்கணக்கானவர்களை ஒரே அளவுகோலில் நிறுத்தி, யாருக்கு எந்தக் கல்லூரி என்று முடிவெடுக்க வேண்டும். திருத்தியவர் அந்த மாணவரை இனிமேல் சந்திக்கப்போவதில்லை. வகுப்பாசிரியரின் நிலைமை நேர் எதிரானது. மறுநாள் காலையில் அதே நாற்பது பேர் அவர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவருக்குத் தெரிய வேண்டியது யார் எத்தனையாவது என்பதல்ல, நாளை எதிலிருந்து தொடங்குவது என்பது. ஆனாலும் வகுப்புத் தேர்வுத் தாள் பொதுத் தேர்வின் குட்டி நகலாகவே இருக்கிறது. முதலில் ஒரு மதிப்பெண் வினாக்கள், பிறகு குறுவினா, கடைசியில் நெடுவினா. வினாக்களோ பெரும்பாலும் பாடநூலின் பின்பக்கத்திலிருந்து. பொதுத் தேர்வின் தேர்ச்சி எல்லையான 35கூட அப்படியே இறங்கி வந்துவிடுகிறது.

இந்த நகலால் என்ன கெட்டுப்போகிறது என்பதற்கு, தசம எண்களைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லி ஆகியோர் ஆயிரக்கணக்கான மாணவர்களிடம், இரண்டு தசம எண்களில் எது பெரியது என்று மட்டும் கேட்டு ஆராய்ந்தார்கள். 4.8, 4.63 என்ற இரண்டைக் கொடுத்தால், சில குழந்தைகள் 4.63தான் பெரியது என்கிறார்கள். 8ஐவிட 63 பெரியதல்லவா? புள்ளிக்குப் பின்னால் இருப்பதையும் முழு எண்ணாகவே அவர்கள் படிக்கிறார்கள். வேறு சில குழந்தைகளின் எண்ணம் இதற்கு நேர் எதிர்: ஆயிரத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடச் சிறியது, ஆகவே இலக்கங்கள் நீண்டால் எண் சிறியது. இவர்களிடம் 5.736, 5.62 என்று கொடுத்தால் 5.62 பெரியது என்பார்கள். இப்போது பத்து வினாக்கள் கொண்ட ஒரு சிறுதேர்வை நினைத்துப் பாருங்கள். ஐந்து வினாக்கள் முதல் வகை, ஐந்து வினாக்கள் இரண்டாம் வகை. முதல் குழந்தைக்கும் ஐந்து மதிப்பெண், இரண்டாம் குழந்தைக்கும் ஐந்து மதிப்பெண். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாக எழுதிய மூன்றாம் குழந்தைக்கும் ஏறக்குறைய அதே ஐந்துதான். மூவரும் பதிவேட்டில் ஒரே வரியில் நிற்கிறார்கள். ஆனால் முதல் குழந்தைக்கு இடமதிப்பைச் சொல்லித்தர வேண்டும். இரண்டாம் குழந்தை பங்கின் அளவை மட்டும் பார்த்து, எத்தனை பங்கு என்பதை விட்டுவிடுகிறது. மூன்றாம் குழந்தைக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூவருக்கும் சேர்த்து ‘பாதிதான் எடுத்திருக்கிறாய், நன்றாகப் படி’ என்று சொல்வதில் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. பத்து வினாவும் தற்செயலாக 5.736, 5.62 மாதிரியே அமைந்துவிட்டால் நிலைமை இன்னும் வேடிக்கை: முதல் குழந்தை பத்துக்குப் பத்து வாங்கிவிடும், தவறான காரணத்துக்காக.

ஆகவே நல்ல வகுப்புத் தேர்வு என்பது தவறுகளை எண்ணுவதற்கு முன், தவறுகளை வகை பிரிக்கும்படி எழுதப்பட வேண்டும். இதற்குப் பெரிய பாடுபட வேண்டியதில்லை. ஆனால் வினா எழுதுபவர், குழந்தை எப்படியெல்லாம் பிசகும் என்பதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். 58இலிருந்து 23ஐக் கழிக்கச் சொன்னால் எல்லோரும் சரியாகப் போடுவார்கள். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால்தான், எந்த இலக்கம் மேலே இருந்தாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 35 என்று எழுதும் குழந்தை வெளியே வரும். அறிவியலில் ஒளிச்சேர்க்கைக்கு வரையறை எழுதச் சொல்கிறோம். மனப்பாடமாக இரண்டு மதிப்பெண். அதே மாணவரிடம், ஒரு விதை இவ்வளவு பெரிய மரமானதே, அந்த எடையெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மண்ணிலிருந்து என்று சொல்லக்கூடும். 1997இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆவணப்படத்தில், பெயர்பெற்ற எம்ஐடியில் பட்டம் பெற்றவர்களே இந்தக் கேள்வியில் தடுமாறினார்கள். காற்றில் இருக்கும் கரியமில வாயுதான் மரக்கட்டையாக மாறுகிறது என்பதை நம்புவது அவர்களுக்கே கடினமாக இருந்தது. இயற்பியலில் இந்த வழி முறைப்படி வளர்ந்திருக்கிறது. 1992இல் அமெரிக்காவில் ஹெஸ்டினஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட விசை குறித்த வினாத்தொகுப்பில், ஒவ்வொரு தவறான விடையும் மாணவர்கள் மனத்தில் உண்மையாகவே இருக்கும் ஒரு பிழையான எண்ணத்திலிருந்து எடுக்கப்பட்டது. நம் ஒரு மதிப்பெண் வினாக்களில் தவறான விடைகள் எப்படி வருகின்றன? மூன்று இடங்களை நிரப்ப வேண்டுமே என்று வருகின்றன. ‘மேற்கூறிய எதுவுமில்லை’ என்ற நான்காவது விடை அந்தச் சோர்வின் அடையாளம்.

வினா சரியாக அமைந்தாலும், தாளைத் திருப்பிக் கொடுக்கும் விதத்தில் எல்லாம் வீணாகலாம். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. மாணவர்களின் ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவுக்குக் கருத்துரை மட்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும் கொடுத்தார். கருத்துரை மட்டும் பெற்றவர்கள் அடுத்த முறை முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்களிடம் முன்னேற்றம் இல்லை. இதுவரை எதிர்பார்த்ததே. இரண்டையும் பெற்றவர்களிடமும் முன்னேற்றம் இல்லை என்பதுதான் ஆசிரியர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய முடிவு. எண்ணைக் கண்டவுடன் மாணவரின் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. அதன் கீழே எவ்வளவு அக்கறையோடு எழுதியிருந்தாலும் அது படிக்கப்படுவதில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நன்றாகப் படிப்பவர்களின் ஆர்வம் எந்தப் பிரிவிலும் குறையவில்லை. பின்தங்கியவர்களின் ஆர்வம் மதிப்பெண் கொடுத்த பிரிவுகளில் குறைந்தது. மதிப்பெண் இல்லாவிட்டால் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மதிப்பெண் யாரைப் படிக்க வைக்கிறதோ அவர்கள் ஏற்கெனவே அதை வாங்கிக்கொண்டிருப்பவர்கள்.

அதற்காக, கருத்துரை என்று எதை எழுதினாலும் பலன் கிடைத்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. குளூகர், டெனிசி என்ற இருவர் 1996இல், இத்தகைய ஆய்வுகளிலிருந்து 600க்கும் மேற்பட்ட முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியில் பலன் உண்டு. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், கருத்துச் சொன்னதால் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதற்குப் போகும்போது இது நேர்கிறது என்பது அவர்களின் விளக்கம். திட்டுக்கு மட்டுமல்ல, பாராட்டுக்கும் இது பொருந்தும். நம் விடைத்தாள்களில் வழக்கமாகக் காணப்படும் ‘நன்று’, ‘கவனம் தேவை’, ‘இன்னும் முயற்சி செய்’ ஆகியவற்றை இந்த வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள். கவனம் எதில் தேவை? முயற்சி என்றால் நாளை மாலை என்ன செய்ய வேண்டும்? ஒரு தமிழ்க் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர் முப்பது இடங்களில் சிவப்பு வட்டம் போடுகிறார். லகர ளகரம், ரகர றகரம், ஒற்று, வாக்கிய முடிவு எல்லாம் கலந்து தாள் ரத்தமாகிவிடுகிறது. மாணவர் வட்டங்களை எண்ணிவிட்டு மடித்து வைத்துவிடுகிறார். வேலை முழுவதையும் ஆசிரியரே செய்துவிட்ட பிறகு அவருக்குச் செய்ய என்ன இருக்கிறது? ‘முதல் இரண்டு பத்திகளில் நான்கு இடங்களில் வல்லினம் மிகவேண்டும், மிகவில்லை, அவை எவை என்று கண்டுபிடி’ என்று எழுதுவதற்கு ஒரு வரி போதும். தேடும் வேலை மாணவருடையதாகிவிடுகிறது. கணக்குத் தாளில், இந்தப் பத்தில் மூன்று தவறு, எவை என்று நீயே பார் என்று கொடுக்கலாம். பிரிட்டனின் டிலன் வில்லியம் ஆசிரியர்களுக்குச் சொல்லிவரும் உத்திகளில் இதுவும் ஒன்று. இதற்கு வகுப்பிலேயே நேரம் ஒதுக்க வேண்டும், அதுதான் முக்கியம். வீட்டுக்குப் போய்ப் பார் என்று அனுப்பினால் பார்க்கப்படாது. தவறிய விடையைச் சரியாகப் பத்து முறை எழுதிவரும் இம்போசிஷனை இதற்கு மாற்றாகக் கருதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; கை வலிக்கும், தவறு எங்கே நடந்தது என்பது தெரியாமலேயே போகும்.

இதையெல்லாம் ஏற்கெனவே செய்துபார்த்துக் கைவிட்டோமே என்பது வலுவான ஆட்சேபம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு அது எட்டாம் வகுப்பு வரை வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. வளர்வதற்காக என்று வந்த மதிப்பீடும் முதல் நாளிலேயே நாற்பதுக்கு எத்தனை என்ற கட்டத்துக்குள் போய்விட்டது. செயல்திட்ட அட்டைகளைக் கடையில் வாங்கி ஒட்டியதையும், ஆசிரியர்கள் பதிவேடு நிரப்பியே களைத்ததையும் பெற்றோர் அறிவார்கள். இன்னும் கடுமையான சான்றும் உண்டு. ஹரியானா அரசுப் பள்ளிகளில் இதே தொடர் மதிப்பீட்டு முறையைச் சோதனை முறையில் ஆராய்ந்த பொருளியலாளர்கள், மாணவர்களின் கற்றலில் அதனால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று கண்டார்கள். அதற்கும் முன்பே ஆந்திரத்தின் கிராமப் பள்ளிகள் நூற்றில் முரளிதரனும் சுந்தரராமனும், மாணவர்கள் எதில் பலவீனம் என்று விரிவான அறிக்கைகளை ஆசிரியர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பார்வையாளர் வந்தபோது ஆசிரியர்கள் கூடுதலாக உழைத்ததாகத் தெரிந்தது. ஆண்டு முடிவில் மதிப்பெண்கள் நகரவில்லை.

இந்தச் சான்றுகளை ஒதுக்கிவிட முடியாது. ஒதுக்கத் தேவையும் இல்லை. இவை காட்டுவது, தகவல் மட்டும் யாரையும் கற்க வைப்பதில்லை என்பதை. ஹரியானா ஆய்வின் மறுபாதியைப் படித்தால் இது விளங்கும். அங்கே தொடக்கப் பள்ளிகளில் இன்னொரு திட்டமும் சோதிக்கப்பட்டது: குழந்தைகளைச் சிறு மதிப்பீட்டால் வகை பிரித்து, வகுப்பை மறந்துவிட்டு, அவரவர் இருக்கும் நிலையிலிருந்து நாள்தோறும் குறிப்பிட்ட நேரம் இந்தி கற்பிப்பது. அந்தத் திட்டம் பலித்தது. மதிப்பீடு இரண்டிலும் இருந்தது. ஒன்றில் அது பதிவேட்டுக்குப் போனது, மற்றொன்றில் அடுத்த நாள் பாடத்தை மாற்றியது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பதும் இந்த இரண்டாம் வழியைச் சேர்ந்ததே. நிலை பிரித்ததோடு நின்று, அதையும் கைபேசிச் செயலியில் பதிவேற்றும் இன்னொரு வேலையாக்கிக்கொண்டால், பழைய கதைதான் திரும்பும்.

ஆசிரியரின் சுமை பற்றிய ஆட்சேபம் நியாயமானது, அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஐந்து பிரிவுகள், பிரிவுக்கு நாற்பது பேர் என்றால் 200 தாள்கள். தாளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 1,000 நிமிடம், ஏறத்தாழ 17 மணி நேரம். ஒவ்வொன்றிலும் கருத்துரை எழுதச் சொன்னால் எந்த ஆசிரியரும் ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொள்ளவும் கூடாது. ஆனால் இந்தப் 17 மணி நேரம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கிறது. பெரும்பகுதி, எண்ணைத் துல்லியமாக்குவதற்காக. ஒவ்வொரு வரிக்கும் அரை, கால் என்று பிரித்துப் போடுவது, கூட்டுவது, பதிவேட்டில் ஏற்றுவது. ஐந்தே வினாக்களில் ஒரு சீட்டுத் தேர்வு வைத்து, திருத்தாமல், தவறின் வகையைப் பார்த்து மூன்று அடுக்காகப் பிரிப்பதற்குத் தாளுக்கு அரை நிமிடம் போதும்; நாற்பது பேருக்கு இருபது நிமிடம். நாற்பது தனிக் கருத்துரைகளுக்குப் பதில், அடுக்குக்கு ஒன்றாக மூன்று வேலைகளைக் கரும்பலகையில் எழுதிப்போடலாம். எல்லாம் சரியாகச் செய்த அடுக்குக்கும் ஒரு வேலை உண்டு, சற்றுக் கடினமானதாக. அவர்களைச் சும்மா உட்கார வைப்பதும், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடு என்று எப்போதும் ஏவுவதும் அவர்களுக்குச் செய்யும் அநீதி.

பெற்றோர் மதிப்பெண் கேட்பார்கள் என்பதும் உண்மை. 68 என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைக்கிறார்கள். 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஓர் ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்து அனுப்பி, 142 ஆசிரியர்களிடம் திருத்தி வாங்கினார்கள். ஒரே தாளுக்கு 64 முதல் 98 வரை மதிப்பெண்கள் வந்தன. கணிதத்தில் இப்படி நடக்காது என்று சொல்லப்பட்டபோது, மறு ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினார்கள். வேறுபாடு இன்னும் பெரிதாக வந்தது. நூறாண்டுக்கு முந்திய கதைதான், ஆனால் விடைக்குறிப்பும் இரட்டைச் சரிபார்ப்பும் இல்லாத வகுப்புத் தேர்வில் நிலைமை இன்றும் பெரிதாக மாறியிருக்க முடியாது. தமிழ்நாடு 2017இல் பொதுத் தேர்வு முடிவுகளில் மாநிலத் தரவரிசை வெளியிடுவதை நிறுத்தியது. இன்று அதை யாரும் தேடுவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலுக்குப் பதிலாக, பிள்ளை முதலில் எழுதிய தாளையும் திருத்தி எழுதிய தாளையும் அருகருகே வைத்துக் காட்டலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் அந்த வேறுபாடு விளங்கும்.

பொதுத் தேர்வுக்குப் பயிற்சி வேண்டாமா என்றால், வேண்டும். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுவதும் நேரத்தைப் பங்கிடுவதும் பழக வேண்டியவைதான். அதற்குக் காலாண்டும் அரையாண்டும் ஒரு திருப்புதல் தேர்வும் தாராளமாகப் போதும். நடைமுறைத் தடை உண்மையில் வேறிடத்தில் இருக்கிறது. பள்ளி ஆய்வில் முதலில் கேட்கப்படுவது மதிப்பெண் பதிவேடு. அது நிரம்பியிருந்தால் கேள்வி முடிந்தது. மதிப்பெண் போடாத ஆசிரியர் வேலை செய்யாதவராகத் தெரிவார் என்ற அச்சம் இருக்கும்வரை எந்தச் சுற்றறிக்கையாலும் ஒன்றும் ஆகாது. பள்ளிக் கல்வித் துறை செய்யக்கூடியது இரண்டு. ஆசிரியர் தாமே வைக்கும் வகுப்புத் தேர்வுகளின் மதிப்பெண்ணைப் பதிவேட்டிலோ செயலியிலோ கேட்பதில்லை என்று எழுத்து மூலம் அறிவிக்கலாம். ஆய்வுக்கு வருபவர் அதற்குப் பதிலாக ஒரு விடைத்தாள் கட்டை எடுத்து, இதற்கு மறுநாள் வகுப்பில் என்ன செய்தீர்கள் என்று கேட்கலாம். இரண்டாவது, பாடத்தை முடிக்கவே நாளில்லையே என்பவர்களுக்கான விடை: ஜனவரியிலிருந்து பொதுத் தேர்வு வரை வரிசையாக வரும் திருப்புதல் தேர்வுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவை எடுத்துக்கொள்ளும் நாட்களை, அந்த ஒன்றில் எழுதிய விடைகளை மாணவர்கள் வகுப்பிலேயே திருத்தி எழுதுவதற்குக் கொடுத்துவிடலாம்.